தாளத்திற்கு உரியவர் யார்?

நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. வீட்டுக்குப் பத்திரம் உண்டு. மாட்டுக்குக்கூடச் சூட்டுக்குறி இட்டு உரிமை காட்டலாம். ஒலிக்கு அவ்வாறு குறியிட இயலுமா? ஒருவன் தட்டிய தாளத்தை மற்றொருவன் கேட்டுத் தன் விரலால் தட்டிப் பார்த்த அளவிலே அஃது இருவருக்கும் உரியதாகிவிடுகிறது. கொடுத்தவனிடம் எதுவும் குறையவில்லை; ஆகவே திருட்டு என்று சொல்லவும் இடமில்லை. ஆயினும், கொடுத்தவன் இடிந்த தெருவிலே வாழ்ந்திருக்க, பெற்றவன் பெரும் அரங்கு எழுப்பிப் பொருள் ஈட்டுகின்றான் எனின், அதைக் காண்போர் உள்ளம் அமைதி கொள்வதில்லை. எங்கோ ஒரு கடன் நிலுவையில் நிற்பது போன்ற உறுத்தல் எழுகின்றது. அந்தக் கடன் எத்தகையது? யார், யாருக்கு, எந்த நாணயத்தில் செலுத்த வேண்டியது?

இவ்வினாவை வெறுங்கருத்தாக வைத்து ஆராய்வதைவிட, நம் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். டெக்னோ என்னும் இசையின் வரலாறு அதற்குப் பெரிதும் பொருந்துகிறது. தமிழாசிரியர் எழுதும் கட்டுரைக்கு இரவு நடன விடுதியின் இசையா பொருள் என்று புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். பொருள் எங்கே கிடைக்கிறது என்பதன்று முதன்மை. அதனுள் அறம் பற்றிய வினா உண்டா என்பதே முதன்மை. இவ்விசையில் அவ்வினா மிகுதியாகவே உண்டு.

டெக்னோவை முதன்முறை கேட்கும் செவிக்கு அஃது இசையாகவே தோன்றாமல் போகலாம். பாட்டில்லை, பல வேளைகளில் சொல்லே இல்லை. ஒரு நிமிடத்துக்கு 120 முதல் 135 தட்டுகள் வரை, ஏற்றத்தாழ்வின்றி, நான்கு நான்காக ஒரே பெருந்தட்டு முழங்கிக் கொண்டிருக்கும். அதன் மேலே மெல்லிய உலோக ஒலிகளும், மின்னணுக் கருவிகளின் நீண்ட இழைகளும் ஏறி இறங்கும். இராகத்தின் நெளிவு சுளிவுகளுக்குப் பழகிய செவி இதனைத் தொழிற்சாலை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். அந்தத் தீர்ப்பில் ஓர் உண்மை தற்செயலாக அமைந்திருக்கிறது என்பதுதான் வியப்பு. டெக்னோ பிறந்த ஊர் தொழிற்சாலைகளின் ஊரே.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டெட்ராய்ட் நகரம் மோட்டார் வண்டிகளால் வளர்ந்தது. 1913ஆம் ஆண்டு, அந்நகரால் சூழப்பட்ட ஹைலண்ட் பார்க்கில், ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை நகரும் பொருத்து வரிசையை இயக்கியது. வேலையாள் நின்ற இடத்தில் நிற்க, வண்டியே அவரை நோக்கி நகர்ந்து வந்தது. தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பல்லாயிரவர் வேலை நாடி அங்கே குடியேறினர். 1950இல் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரம். பொருத்து வரிசையில் பணியாற்றிய பெரி கோர்டி என்பவர் 1959இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்கள் உலகெங்கும் ஒலித்தன. பின்னர்ச் சரிவு வந்தது. தொழிற்சாலைகள் வெளியேறின. 1967 சூலையில் மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டனர். வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்கு விரைந்து பெயர்ந்தன. மோட்டவுன் நிறுவனமும் 1972இல் தன் தலைமையகத்தை லாஸ் ஏஞ்சலிசுக்கு மாற்றிக் கொண்டது. 1980இல் மக்கள்தொகை 12 இலட்சமாகக் குறைந்தது; 2010இல் 7 இலட்சத்து 14 ஆயிரமே எஞ்சியது; 2013இல் நகராட்சியே கடன்தீர்க்க இயலாமல் நொடித்துப் போனது. ஒரு நகரம் வெறுமையாவதை இவ்வெண்களைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு சொற்கள் வேண்டா.

இந்நகருக்கு வெளியே பெல்வில் என்றொரு சிற்றூர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் வெள்ளையர் பிள்ளைகளே பெரும்பான்மையர். அவர்களிடையே பயின்ற கறுப்பின மாணவர் சிலருள் மூவர் நண்பராயினர்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். இம்மூவருக்கும் இசை கற்பித்த பெருமை ஒரு வானொலி அறிவிப்பாளருக்கும் உரியது. ‘எலக்ட்ரிஃபையிங் மோஜோ’ என்னும் புனைபெயரில் இரவு நிகழ்ச்சி நடத்திய அவர், கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று வேலி போடவில்லை. ஜார்ஜ் கிளிண்டனின் குழுவினரை ஒலிபரப்பிய அதே மூச்சில் கிராஃப்ட்வெர்க் குழுவினரையும் ஒலிபரப்பினார். கிராஃப்ட்வெர்க் செருமனியின் டுசல்டார்ஃப் நகரத்தார். மின்னணுக் கருவிகளாலேயே இசையமைத்தவர். மோட்டார் நெடுஞ்சாலையைப் பற்றியே ஒரு நீண்ட இசைத்தொகுப்பை 1974இல் வெளியிட்டவர். மோட்டார் நகரத்துப் பிள்ளைகளுக்கு அஃது எவ்வளவு அணுக்கமாய் ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கருவிகள் எங்கிருந்து வந்தன என்பதும் ஒரு சுவையான செய்தி. சப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டி.ஆர்.-808 என்னும் தாளப்பொறியை விற்பனைக்கு விட்டது. அதன் ஒலி மெய்யான முரசொலி போன்றில்லை என்று பலர் புறக்கணித்தனர். ஏறத்தாழ 12,000 பொறிகள் மட்டுமே செய்யப்பட்டு, 1983இல் உற்பத்தி நின்றது. வசதி படைத்த இசைஞர் கைவிட்ட அப்பொறிகள் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கினர். முரசைப் போல் ஒலிக்கவில்லை என்பதை அவர்கள் குறையாகக் கொள்ளவில்லை. வேறு எதைப் போலவும் இல்லாத ஒலி தங்களுக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்தனர். பொருத்து வரிசை அவர்கள் தந்தையரின் உழைப்பை வேண்டாமென்றது. சந்தை அந்தப் பொறியை வேண்டாமென்றது. வேண்டாமெனப்பட்ட இரண்டும் சேர்ந்த இடத்தில் டெக்னோ பிறந்தது எனலாம்.

அட்கின்சும், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிக் டேவிசும் சைபோட்ரான் என்ற பெயரில் 1981இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். எதிர்காலம் பற்றி ஆல்வின் டாஃப்ளர் எழுதிய நூலில் கண்ட ஒரு தொடரிலிருந்தே ‘டெக்னோ’ என்ற சொல்லை அட்கின்ஸ் எடுத்துக் கொண்டார். 1988இல் இங்கிலாந்தில் டெட்ராய்ட் இசைத் தொகுப்பொன்று வெளிவந்தது. முதலில் அதற்குச் சிக்காகோவின் ‘ஹவுஸ்’ இசையைச் சார்ந்தே பெயரிட எண்ணியிருந்தனர். அட்கின்சின் சொல்லே இறுதியில் தலைப்பாயிற்று. அதே ஆண்டு டெட்ராய்ட்டில் ‘மியூசிக் இன்ஸ்டிடியூட்’ என்னும் நடன விடுதி திறக்கப்பட்டது. அங்கே மது விற்கப்படவில்லை. இரவு விடுதி என்றதும் மதுவையே நினைப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. அங்கு வந்தோர் இசைக்காக மட்டுமே வந்தனர். அவ்விடுதி 1989இல் மூடப்பட்டது. ஒன்றரை ஆண்டே நிகழ்ந்த ஒன்று இன்றும் பேசப்படுகிறது.

அதற்குள் அவ்விசை கடல் கடந்துவிட்டது. சாண்டர்சனின் பாடல்கள் இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் முதல் பத்துக்குள் ஏறின. ஆகவே, டெக்னோ பொதுமக்கள் கூடும் பெருவிடுதிகளுக்குள் இன்றுதான் நுழைகிறது என்பது பிழை. 1980களின் இறுதியிலேயே அது நுழைந்தது, பின்னர் வெளியேறியது, இப்போது மீண்டும் நுழைந்திருக்கிறது. இந்த இரண்டு வருகைக்கும் இடையே நிகழ்ந்தவற்றை அறிந்தால்தான் கடனின் தன்மை விளங்கும்.

1989 நவம்பர் 9ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தது. கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெரியாத கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. இளைஞர் அவற்றுள் புகுந்து ஒலிபெருக்கிகளை வைத்தனர். கிழக்கிலிருந்து வந்தோரும் மேற்கிலிருந்து வந்தோரும் ஒருவர் பேச்சை ஒருவர் ஐயுற்ற காலத்தில், சொல்லற்ற இசை இருவருக்கும் வசதியாக இருந்தது. 1991 மார்ச்சில், சுவரையொட்டிய வெற்றுநிலத்தின் கீழிருந்த ஒரு பழைய காப்பறையில் ‘டிரெசோர்’ என்னும் விடுதி தொடங்கியது. டிரெசோர் என்றால் செருமன் மொழியில் காப்புப் பெட்டகம். துருவேறிய இரும்புக் கம்பிகளுக்குப் பின்னே இசைத்தட்டு இயக்குநர் நின்றார். டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ், மைக் பேங்க்ஸ் முதலியோர் அங்கு வந்து இசைத்தனர். விடுதியார் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடும் அவர்களுடையதே. 1993இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பு இரு நகரங்களின் பெயரையும் தலைப்பிலே சேர்த்துத் தாங்கியது.

அந்தக் காப்பறை யாருடையது? யூதக் குடும்பமாகிய வெர்தைம் குடும்பத்தாரின் பெரும் பல்பொருள் அங்காடியைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய அங்காடிகளுள் ஒன்றாக அது விளங்கியது. நாட்சி ஆட்சியில் அக்குடும்பத்தார் தம் நிறுவனத்தை இழந்தனர். போரில் கட்டடம் அழிந்தது. நிலத்தின் கீழிருந்த காப்பறை மட்டும் எஞ்சியது. பறிக்கப்பட்டவரின் அறையிலே, ஒதுக்கப்பட்டவரின் இசைக்கு, விடுதலை பெற்றவர் ஆடினர். ஆடியவருள் பலர் இதனை நினைத்திருக்கமாட்டார்கள். அவர்களைக் குறை கூறவும் இயலாது. 2007இல், வெர்தைம் குடும்பத்தின் பெர்லின் நிலங்கள் தொடர்பான வழக்கில் உடன்பாடு காணப்பட்டு, வணிக நிறுவனமொன்று யூதர் உரிமைக் குழுவுக்கு 8 கோடியே 80 இலட்சம் யூரோ செலுத்த இசைந்தது. நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு என்று தொடக்கத்தில் கூறியது இதனாலேயே. அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் நிலத்தின் கடனைக் கணக்கிட வழி இருந்தது. அந்நிலத்தின் அடியில் ஒலித்த இசையின் கடனைக் கணக்கிடும் ஏடு எங்கும் இல்லை.

இதன் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். பெர்லினில் 1989 சூலையில் ஏறத்தாழ 150 பேருடன் தொடங்கிய ‘லவ் பரேட்’ என்னும் தெரு ஊர்வலம் 1999இல் 15 இலட்சம் பேரைத் திரட்டியதாகக் கணக்கிடப்பட்டது. இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், திறந்தவெளி இரவுக் கூட்டங்களைத் தடுக்கும்பொருட்டு, தொடர்ந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் தட்டுகளைக் கொண்ட இசையைச் சட்டமொழியிலே வரையறுத்தது. ஓர் இசையின் தாள அமைப்பையே சட்டத்தில் எழுதிவைத்த விந்தை அது. பெருங்கூட்டமும் பெருவிளம்பரமும் சேர்ந்தபோது இசை நீர்த்தது, கேட்போர் சலித்தனர். 2010 சூலை 24ஆம் நாள் டூயிஸ்பர்க் நகரில் லவ் பரேட் கூட்ட நெரிசலில் 21 பேர் உயிரிழந்தனர். அத்துடன் அவ்விழா முடிவுற்றது. டெக்னோ மீண்டும் கிடங்குகளுக்கும் கைவிடப்பட்ட மின்நிலையங்களுக்கும் ஒதுங்கியது. டிரெசோர் 2005இல் தன் பழைய காப்பறையை இழந்து, 2007இல் ஒரு பழைய மின்நிலையத்தில் குடிபுகுந்தது. பழைய இடத்தில் 2014இல் பெரிய பேரங்காடி எழுந்தது.

இப்போது அது திரும்பியிருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தின் பூட்டடைப்பு நீங்கிய பின், 2022 முதல், பெருநகரங்களின் முதன்மை நடன விடுதிகளிலும் பல்லாயிரவர் கூடும் விழாக்களிலும் டெக்னோ முன்னணிக்கு வந்தது. அதன் வேகமும் கூடியுள்ளது. நிமிடத்துக்கு 150 தட்டுகளைக் கடப்பதும் உண்டு. இருட்டறையில் முகம் தெரியாமல் நின்ற இசைத்தட்டு இயக்குநர் இன்று ஒளிவெள்ளத்தின் நடுவில் நிற்கிறார். முன்னே நிற்பவர் கைபேசியை உயர்த்தி அவரைப் படம் எடுக்கிறார்.

இத்திருப்பத்தைக் கண்டு வருந்துவோர் ஒரு சாரார். கூட்டம் வந்தால் கலை கெடும் என்பது அவர்தம் முறையீடு. இம்முறையீட்டில் உண்மை உண்டு. ஆயினும் அதனுள் தன்னலமும் சிறிது கலந்துள்ளது. முன்பே அறிந்தவர் என்னும் பெருமையை இழக்கும் வருத்தமும், இசையின் பொருட்டு வரும் வருத்தமும் ஒரே குரலில்தான் பேசும். இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. பெர்லினில் 2004இல் திறந்த ‘பெர்க்ஹைன்’ விடுதியின் வாயிலில் மணிக்கணக்காகக் காத்திருந்தும் உள்ளே விடப்படாமல் திரும்புவோர் பலர். காரணம் கூறப்படுவதில்லை. ஒதுக்கப்பட்டவர் தமக்கென அமைத்துக் கொண்ட இடத்துக்குக் காவல் வேண்டும் என்பர் அதற்கு வாதிடுவோர். ஏற்கத்தக்க வாதமே. ஆனால் கதவு என்பது யார் கையில் இருந்தாலும் கதவுதான். பெல்வில் பள்ளி மாணவர் மூவரும் கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டது கதவு திறந்திருந்த ஒரு வானொலியால் அன்றோ? மோஜோ வேலி போட்டிருப்பாராயின் டெக்னோ பிறந்திராது.

மகிழ்வோர் மற்றொரு சாரார். இசை எல்லார்க்கும் பொது. யார் தொடங்கினார் என்பது வரலாற்று ஆசிரியரின் கவலை. ஆடுபவனுக்கு அது வேண்டாத சுமை என்பது இவர் கூற்று. இதற்கும் விடை எளிதன்று. வாய்ப்பாடு ஒப்பிக்கும் சிறுவன் சுழியத்தைக் கண்டவர் யாரென்று அறியாமலே பெருக்குகிறான். அவனை நன்றி கொன்றவன் என்று எந்த ஆசிரியரும் ஏசமாட்டார். அறியாதவனிடம் நன்றியை எதிர்பார்த்தல் முறையன்று. ஆனால் பாடநூல் எழுதுபவர் அறிவார். அறிந்தும் அவர் ‘சுழியம் எம் ஊரில் தோன்றியது’ என்று எழுதுவாராயின், அல்லது அவ்வாறு எண்ண இடம் வைத்துப் பேசாதிருப்பாராயின், அங்கேதான் குற்றம் பிறக்கிறது. ஆடுபவனின் அறியாமை ஒன்று. அரங்கு நடத்துபவரின் மௌனம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே துலாக்கோலில் வைத்தலாகாது. விழா விளம்பரங்களில் பெரிய எழுத்துகளில் இடம்பெறுவோர் பெரும்பாலும் ஐரோப்பியராக இருப்பதையும், கறுப்பினக் கலைஞர் அருகியே அழைக்கப்படுவதையும் கெவின் சாண்டர்சன் அண்மை ஆண்டுகளில் வெளிப்படையாகவே குறைகூறியுள்ளார். அவர் கேட்பது இரக்கமன்று, மேடை.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படும். டெட்ராய்ட்டே கடன் வாங்கியதுதானே? டுசல்டார்ஃப் இல்லையேல் டெட்ராய்ட் ஏது? அங்ஙனமாயின் பெர்லின் தன் நாட்டுச் சொத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டது என்று கணக்கை நேர்செய்துவிடலாகாதா? கூர்மையான தடைதான். ஆயினும் ஒரு வேறுபாட்டை அது மறைக்கிறது. டெட்ராய்ட்டார் தம் கடனை ஒருபோதும் மறைத்ததில்லை. ஜார்ஜ் கிளிண்டனும் கிராஃப்ட்வெர்க்கும் ஒரு மின்தூக்கியில் அகப்பட்டுக் கொண்டதைப் போன்றது எம் இசை என்று மூவருள் ஒருவர் கூறியது புகழ் பெற்ற கூற்று. கடன் கொடுத்தவர் பெயரை வேடிக்கையாகவேனும் முன்வைத்துத் தம்மை அறிமுகம் செய்து கொண்டனர். பெயர் சொல்லப்பட்ட கடன் உறவாகிறது. பெயர் மறைக்கப்பட்டால் அதுவே வேறொன்றாகிறது. நாணயத்தால் அளக்க இயலாத கடனுக்கு நாணயம் பெயர்தான் போலும்.

பெயர் சொல்லுதல் என்றால் முதலில் செய்தவர் பெயரையா? இதையும் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். பம்பாய்த் திரைப்பட இசைக் குழுக்களில் பணியாற்றிய சரண்ஜித் சிங் என்பவர், ரோலண்டின் அதே 808 தாளப்பொறியையும் 303 என்னும் அடிச்சுரப் பொறியையும் கொண்டு, இந்திய இராகங்கள் பத்தினை நடனத் தாளத்தில் அமைத்து 1982இல் ஓர் இசைத்தட்டுப் பதித்தார். விற்பனை ஆகவில்லை, மறக்கப்பட்டது. டெக்னோவின் உடன்பிறப்பாகிய ‘ஆசிட் ஹவுஸ்’ இசை சிக்காகோவில் உருவெடுத்ததற்கு 1987ஆம் ஆண்டின் இசைத்தட்டொன்றைச் சான்று காட்டுவர். 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்பானபோது, கேட்டவர் திகைத்தனர். ஐந்தாண்டு முந்திய அத்தட்டு பெரிதும் அதைப் போலவே ஒலித்தது. அப்படியாயின் சிக்காகோ இளைஞர் அவருக்குக் கடன்பட்டவரா? இல்லை. அவர்கள் அவரைக் கேட்டதே இல்லை. ஒரே கருவி இருவேறு கைகளில் ஒத்த ஒலியை எழுப்பியது, அவ்வளவே. முந்தியவருக்கு வியப்பும் பாராட்டும் உரியன. நன்றி, கை நீட்டிக் கொடுத்தவருக்கே உரியது. காலத்தால் முந்துதல் வேறு, கொடுத்தல் வேறு. இந்தியர் சிலர் இவ்விசைத்தட்டைக் காட்டி ‘யாமே முதல்வர்’ என்று மார்தட்டுவது சிங்குக்கும் பெருமை சேர்ப்பதன்று. மூத்தது எம்முடையதே என்னும் அவாவில் தமிழரும் சளைத்தவர் அல்லர். ஆதலால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெட்ராய்ட்டோ கொடுத்தது. ஆட்கள் நேரில் சென்றனர். பெட்டியில் தட்டுகளைச் சுமந்து சென்றனர். காப்பறையில் நின்று இசைத்தனர். அந்தக் கொடையை முதலில் பெற்ற பெர்லினியரும் அதை மறைக்கவில்லை. தொகுப்பின் தலைப்பிலேயே எழுதிவைத்தனர். சிக்கல் அதன்பின் வந்தது. இசை பல கைகள் மாறி நிறுவனங்களையும் அரசுகளையும் அடையும்போது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பெயர் உதிர்கின்றது. யாரும் வேண்டுமென்று உதிர்ப்பதில்லை. விளம்பரத் தாளில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். தீங்கு நினையாமலே நேரும் அநீதிகளுள் இது ஒன்று.

2016இல் செருமன் வரி நீதிமன்றமொன்று, பெர்க்ஹைன் விடுதியின் இசைநிகழ்ச்சி இசையரங்கக் கச்சேரிக்கு ஒப்பானது என்று கொண்டு, 19 விழுக்காடன்று, 7 விழுக்காட்டு வரியே அதற்கு உரியது எனத் தீர்ப்பளித்தது. 2021இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இத்தகைய விடுதிகளைக் கேளிக்கைக் கூடங்களாகக் கருதாமல் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் எனத் தீர்மானித்தது. 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோப் பண்பாடு செருமனியின் மரபுரிமைப் பட்டியலில், யுனெஸ்கோ உடன்படிக்கையின் வழியே அமைந்த தேசியப் பட்டியலில், சேர்க்கப்பட்டது. மகிழத்தக்க செய்திகளே. இரைச்சல் என்று இகழப்பட்ட ஒன்று முப்பது ஆண்டுகளில் மரபுரிமை ஆயிற்று. ஒரு நாடு தன் எல்லைக்குள் வாழும் மரபைத்தான் தன் பட்டியலில் எழுத முடியும்; அது விதி. ஆகவே பெர்லினின் பெயரே அங்கு நிற்கிறது என்பதைச் சூழ்ச்சி என்று கூறுவது நேர்மையன்று. ஆனாலும் பட்டியல்களுக்கு ஓர் இயல்பு உண்டு. அவற்றைப் படிக்கும் அடுத்த தலைமுறை, எழுதப்பட்டது மட்டுமே நிகழ்ந்தது என்று கொள்ளும். ஆசிரியப் பணியிலிருப்போர் இதனை நன்கு அறிவர். தேர்வுத்தாளில் வராத பெயரை மாணவன் நினைவில் வைப்பதில்லை.

டெட்ராய்ட் தன் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். கடன் அயலாருக்கு மட்டும் உரியதன்று. மோட்டவுனைப் போற்றிய அந்நகரம் டெக்னோவை நெடுங்காலம் கண்டுகொள்ளவே இல்லை. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானோர் முன் இசைத்தவர் தம் ஊர்த் தெருவிலே அடையாளம் தெரியாமல் நடந்தனர். 2000ஆம் ஆண்டில்தான் ஆற்றங்கரையிலுள்ள ஹார்ட் பிளாசாவில், கார்ல் கிரெய்க் என்னும் இசைஞரின் கலைப்பொறுப்பில், கட்டணமின்றி முதல் மின்னணு இசைவிழா நடந்தது. முதியோரும் குழந்தைகளும் குடும்பம் குடும்பமாக வந்தனர். தம் வீட்டு மாடியில் பிறந்த இசையை ஊரார் பலர் அன்றுதான் முதலில் கேட்டனர். சில ஆண்டுகளில் விழாவுக்கு நுழைவுக் கட்டணம் வந்தது, பெயரும் மாறியது, ஆயினும் இன்றும் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் அவ்விடத்திலேயே நிகழ்கிறது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

அவ்வாறு வருவோருள் சிலர் விழாத்திடலுக்குச் செல்லுமுன் கிழக்கு கிராண்ட் பூலவார்டுச் சாலையில் 3000ஆம் எண்ணுள்ள ஒரு செங்கல் கட்டடத்தைத் தேடிச் செல்கின்றனர். மைக் பேங்க்சும் அவர்தம் தோழரும் நடத்தும் இடம் அது. கீழ்த்தளத்தில் இசைத்தட்டுகள் விற்கப்படுகின்றன. டெக்னோவுக்கென அமைந்த சிறு காட்சியகம் ஒன்றும் அங்குண்டு. பழைய பொறிகளும், தட்டுகளும், படங்களும் வைக்கப்பட்டுள்ளன. வாயிலில் பெரிய விளம்பரப் பலகை ஏதுமில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால், அக்காலத்து இசைஞருள் ஒருவரே கதவைத் திறந்து, ஒவ்வொன்றையும் காட்டி, யார் யார் எதனை எதற்குப் பயன்படுத்தினர் என்று பெயர் சொல்லி விளக்குகிறார்.